ஐந்தங்குலக் கண்ணாடியும் ஏழாவது கண்டமும்

அரசாங்கச் செலவில் கொழும்புக்குப் போய்ப் பத்து நாள் கணினிப் பயிற்சி பெற்றவன் நான் என்று என் சேவைக் கோப்பில் எழுதியிருக்கிறது. அது பொய். ஒன்பதரை நாள்தான். ஆறாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் வகுப்புக்குத் திரும்பவில்லை. புறக்கோட்டைக்குப் போய், கூர்மூக்கு வைத்த கறுப்புச் சப்பாத்து ஒரு சோடி வாங்கினேன். கணினி படித்தவன் செருப்போடு ஊர் திரும்புவது அழகல்ல என்று எனக்குப் பட்டது. சப்பாத்து ஓர் அளவு சின்னது. அது கடித்தது என் காலை. ஆனால் அந்த அரை நாளுக்கான விலையைக் கொடுத்தவர்கள், என்னைப் பயிற்சிக்கு அனுப்பும்படி கேட்காத, சப்பாத்தே போடாத சில விவசாயிகள்.

இதை இப்போது எழுதக் காரணம் கோபம். கல்முனையில் நான் வேலை செய்த நீர்ப்பாசன அலுவலகத்துக்குப் போன மாதம் போயிருந்தேன். புதுக் கட்டடம். வாசலில் ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் எங்கள் பழைய பெட்டி, தூசி தட்டி, கீழே வெல்வெட் விரித்து வைக்கப்பட்டிருந்தது. முன்னால் ஓர் அட்டை: ‘இப்பிராந்தியத்தின் நீர்ப்பங்கீட்டை நவீனப்படுத்திய முதலாவது கணினி.’ அதன் கீழே அந்தக் காலத்துப் பொறியியலாளரின் பெயர். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அதைப் பரவசம் என்று எடுத்துக்கொண்ட இளம் அதிகாரி ஒருவர் ஓடிவந்து, “சேர், எங்கட மலருக்கு ரெண்டு பக்கம் எழுதித் தாங்களன். இனிய நினைவுகள் எண்டு தலைப்புப் போடுவம்,” என்றார்.

எழுதிவிட்டேன். இனிப்புக்கு நான் பொறுப்பல்ல.

பெட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அலுமாரியில் அதைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வெளிநாட்டு உதவித் திட்டத்தின் நிபுணர் ஒருவர் கொண்டுவந்து, போகும்போது விட்டுவிட்டுப் போனது அது. மூடியிருந்தால் தையல் மெசின் பெட்டி போலிருக்கும். மேலே ஒரு கைபிடி. எடை பதினொரு கிலோ. கால் மூட்டை அரிசியைக் கைபிடி போட்டுத் தூக்குவது போல. மூடியைக் கழற்றினால் மூடியே விசைப்பலகை. உள்ளே இரண்டு வாய்கள், பிளொப்பித் தட்டு போடுவதற்கு. இரண்டு வாய்க்கும் நடுவில் ஐந்து அங்குலக் கண்ணாடி, தபாலட்டையைவிடச் சின்னது. அதில் பச்சை எழுத்து. நினைவாற்றல் அறுபத்து நான்கு கிலோபைட். வெள்ளிக்கிழமை தோறும் எனக்கு வட்ஸ்அப்பில் வரும் ஜும்ஆ முபாரக் ரோசாப்பூ ஒன்றுகூட அதற்குள் அடங்காது. ஆனால் அந்த அறுபத்து நான்குக்குள் ஒரு போகத்தின் தண்ணீர்க் கணக்கு முழுவதும் அடங்கியது. தட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் கறகறவென்று யோசித்துவிட்டு, ஏ என்று ஓர் எழுத்தைக் காட்டி அதன் பக்கத்தில் ஓர் அம்புக்குறியையும் போட்டுவிட்டு, நாம் என்ன சொல்லப்போகிறோம் என்று மரியாதையாகக் காத்திருக்கும். அந்த அலுவலகத்தில் அந்த மரியாதை வேறு யாரிடமும் இருக்கவில்லை.

கண்ணாடியில் ஒரு வரிக்கு ஐம்பத்திரண்டு எழுத்துத்தான் தெரியும். இதை நினைவில் வையுங்கள். நான் வைக்கவில்லை.

எங்கள் பொறியியலாளர் வெளிநாட்டில் படித்தவர். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் மனிதரைப் பார்க்க வேண்டும். யாராவது அறைக்குள் வந்தால் முதலில் பேனாவை மூடுவார். அதைக் கோப்புக்கு இணையாக, விளிம்போடு விளிம்பு பொருத்தி வைப்பார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதற்குள் வந்தவன் தான் எதற்கு வந்தோம் என்பதில் பாதியை மறந்திருப்பான். “முடியாது” என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. “பார்ப்போம்” என்பார். அதற்கு மேல் மேன்முறையீடு இல்லை. பெட்டி வந்த பிறகு ஒவ்வொரு காலையும் தன் கைக்குட்டையால் அதைத் தானே துடைத்தார். ஒரு நாளும் ஒரு விசையைக்கூட அழுத்தியதில்லை. அலுவலகத்தில் இருந்தது ஒரே ஒரு மேசை விசிறி. அதைப் பெட்டியின் பக்கம் திருப்பிவைக்கச் சொன்னார். சூடேறினால் பழுதாகுமாம். பத்து மைல் சைக்கிள் மிதித்து வந்த விவசாயிகள் வேர்வை வழிய நின்றார்கள். பெட்டி காற்று வாங்கியது. அந்தக் காற்றில் எனக்கும் கொஞ்சம் பங்கு கிடைத்ததால் நான் ஆட்சேபிக்கவில்லை.

என் பதவி தொழில்நுட்ப உதவியாளர். ஊரில் டீ.ஏ. என்பார்கள். எங்கள் வாய்க்காலில் தண்ணீர் குடித்தவை ஏழு கண்டங்கள். கண்டம் என்பது ஒரே மதகில் பாயும் வயல்களின் தொகுதி. ஏழாவது கண்டம் கடைக்கோடி, சொறிக்கல்முனைப் பக்கமாகச் சரிந்து கிடப்பது. ஒவ்வொரு கண்டத்துக்கும் விவசாயிகள் தெரிந்தெடுத்த ஒரு வட்டவிதானை உண்டு. வரம்பில் நடந்து, இன்னார் வயலுக்கு இன்ன நேரம் என்று தண்ணீர் பிரித்துவிடுபவர். ஏழாவதற்கு ஆதம்பாவா காக்கா; எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம், அக்காவை ராத்தா. மெலிந்த, உயரமான, ஒரு தடவை கேட்ட கேள்வியைப் பதில் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டேயிருக்கும் மனிதர்.

சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் குறைவு. விதைத்து ஒரு மாதம் எல்லோருக்கும் ஓடும், பிறகு முறைத்தண்ணீர். பத்து நாளுக்கு ஒரு சுற்று, அதற்குள் இன்ன கண்டத்துக்கு இன்ன நாள் என்று பிரிப்பு. அதுவரை அந்தப் பிரிப்பை வட்டவிதானைகளும் நாங்களும் ஒன்றாகக் குந்தி, சண்டை பிடித்து, தேத்தண்ணி குடித்து முடிப்பதுதான் வழக்கம். அந்த வருடம் கணினி பிரிக்கும் என்று முடிவாயிற்று. கணக்கைக் கொழும்பில் போட்டு, ஒரு தட்டில் பதிந்து அனுப்பினார்கள். அச்சு இயந்திரம் அடுத்த மாதம் வரும் என்றார்கள். அந்த அடுத்த மாதத்தை நான் ஓய்வுபெறும்வரை எதிர்பார்த்தேன். ஆகவே கண்ணாடியில் தெரிவதைப் பார்த்துக் கையால் எழுதியெடுப்பது என் வேலை.

எழுதினேன். முதல் நிரலில் நாள், அடுத்து வரிசையாகக் கண்டங்கள். நாளுக்குப் பத்து எழுத்து இடம், கண்டம் ஒன்றுக்கு ஏழு எழுத்து. கூட்டிப் பாருங்கள்: ஆறு கண்டத்தோடு ஐம்பத்திரண்டு சரியாக நிரம்பிவிடும். அரைச் சொல் அறுந்து தொங்கியிருந்தால் எனக்குக்கூடச் சந்தேகம் வந்திருக்கும். வெட்டுப்பட்டது தெரியாத அளவுக்கு அது சுத்தமாக வெட்டியிருந்தது.

ஏழாவது கண்டம் இல்லை. எனக்கு அது விசித்திரமாகவும் படவில்லை. ‘கடைக் கண்டத்துக்கு மேல்கண்டங்களின் வடிச்சல் போதும்’ என்று பொறியியலாளர் முன்பே சொல்லிக்கொண்டிருந்தார். கணினியும் அவர் பக்கம் என்று நினைத்தேன். இன்னொன்றும் கண்டேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்பதாம் பத்தாம் நாள்களில் ஆறு கண்டத்துக்கும் பூச்சியம். யாருக்கும் தண்ணீர் இல்லாத இரண்டு நாள். அதற்கும் நானே ஒரு விளக்கம் செய்தேன்: சிக்கனம். அறிவித்தலில் என் அழகான கையெழுத்தில், ‘ஒன்பதாம் பத்தாம் நாள்களில் வாய்க்கால் மூடப்பட்டிருக்கும்’ என்று எழுதினேன். பொறியியலாளர் பேனாவைத் திறந்து, பச்சை மையில் ஒப்பமிட்டு, மூடினார்.

போகத்துக்கான கூட்டம் ஒரு பாடசாலையில் நடந்தது. பெட்டியையும் கொண்டுபோக வேண்டும் என்றார். கொண்டுபோகக்கூடிய கணினி என்பதுதானே அதன் பெருமை. உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில், புதுச் சப்பாத்தோடு, பதினொரு கிலோவையும் மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியில் ஒரு ராத்தா, “என்ன தம்பி, தையல் கிளாஸ் தொடங்கப் போறீங்களா?” என்று கேட்டார். மேசையில் வைத்தேன், மூடியைக் கழற்றினேன், வயரைக் கையில் எடுத்தேன். அந்தப் பாடசாலைக்கு மின்சாரம் இல்லை. தூக்கிக்கொண்டு போகலாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள்; போன இடத்தில் வேலை செய்யும் என்று யாரும் சொல்லவில்லை. பற்றரி என்ற பொருள் அதற்குள் கிடையாது. இருந்தும் அந்தச் செத்த கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று கணினியின் மகிமை பற்றிக் கால் மணிநேரம் கதைத்தேன்.

அறிவித்தலை வாசித்து முடிந்ததும் ஆதம்பாவா காக்கா எழும்பினார்.

“டீ.ஏ. தம்பி, ஒரு கேள்வி. ஒம்பதாம் நாளும் பத்தாம் நாளும் வாய்க்கால் பூட்டு எண்டு சொல்லுறீங்க. குளத்தால வாற தண்ணி அந்த ரெண்டு நாளும் எங்க போற?”

“அது மெசின் கணக்குப் பார்த்துப் போட்டது, காக்கா.”

“ஓம், போட்டிரிக்கட்டும். தண்ணி எங்க போற? ஆத்தால கடலுக்கா?”

அப்போது நான் சொன்னதை என் எதிரியின் வாயில் வைக்க எவ்வளவோ ஆசை. ஆனால் சொன்னது நான்தான்: “காக்கா, மெசினுக்கு ஆள் பார்த்துக் கதைக்கத் தெரியாது. அது பொய் சொல்லாது. நமக்கு விளங்காட்டி, பிழை நம்மளிலதான்.”

அந்தக் கடைசி வசனம் நான் நினைத்ததைவிட உண்மை.

முதற்சுற்றில் ஏழாவது கண்டம் ஈரத்தில் சமாளித்தது. இரண்டாவதில் வடிச்சல் கொஞ்சம் எட்டியது. அந்தச் சுற்றின் முடிவில் காக்கா அலுவலகத்துக்கு வந்தார். ஒரு பன்புல் பையிலிருந்து வேரோடு பிடுங்கிய நெற்பயிரை, அது நின்ற வெடித்த மண்கட்டியோடு எடுத்து மேசையில் வைத்தார். மண்கட்டியின் வெடிப்புக்குள் என் விரல் போகும்.

பொறியியலாளர் பேனாவை மூடினார். கோப்போடு பொருத்தினார். “அந்த மண்ணை அங்கே வைக்காதீங்க. தூசி மெசினுக்குள்ள போயிடும்.”

“சேர், இன்னும் பத்து நாளில பயிர் குடலைக்கு வந்திடும்,” என்றார் காக்கா. குடலை என்பது கதிர் வெளிவருமுன் தண்டுக்குள் சூல்கொண்டிருக்கும் பருவம். அப்போது தண்ணீர் தவறினால் கதிர் வரும். உள்ளே நெல் இராது. “தொண்ணூறு குடும்பம் சேர், அந்தக் கண்டத்த நம்பி.”

பொறியியலாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். “பார்ப்போம்.”

காக்கா மண்கட்டியை எடுத்துக்கொண்டு போனார். மேசையில் உதிர்ந்ததைப் பொறியியலாளர் கைக்குட்டையால் தட்டிவிட்டார். அந்தக் கைக்குட்டையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மூன்றாஞ் சுற்றின் ஒன்பதாம் நாள் காலையில் அவர் மறுபடியும் வந்தார். பொறியியலாளர் இன்னும் வரவில்லை. காக்கா என்னைக் கேட்காமல் என் பக்கத்துக் கதிரையில் அமர்ந்தார். விசிறியின் காற்று முதற்தடவையாக ஒரு விவசாயியின் முகத்தில் பட்டது.

“இந்தப் பெட்டிக்குள்ள எங்கட கண்டத்திட பேர் இரிக்கா எண்டு காட்டுங்க, தம்பி. இல்லாட்டி இல்ல எண்டு காட்டுங்க. கண்ணால பார்த்திட்டுப் போறன்.”

தட்டைப் போட்டேன். கறகறத்தது. பச்சை எழுத்து வந்தது. ஒவ்வொரு தலைப்பாக விரல் வைத்துப் பெயர் சொன்னேன். ஆறு.

“ஏழாவது?”

“இல்ல காக்கா. முடிஞ்சிது.”

அவர் குனிந்து கண்ணாடியின் வலது ஓரத்தைப் பார்த்தார். தகரச் சட்டத்தை நகத்தால் தட்டினார். “கண்ணாடி முடிஞ்சா வயல் வட்டையும் முடிஞ்சிதா? வாய்க்கால் என்ட வீட்டு ஜன்னலத் தாண்டியும் ஓடுதே தம்பி.”

பயிற்சியில் நான் போகாத அந்த ஆறாம் நாள் பிற்பகல் வகுப்புக்கு என்ன தலைப்பு என்று எனக்குத் தெரியாது. மேசை லாச்சியிலிருந்து பெட்டியின் கைநூலை எடுத்தேன். அதுவரை அதன் மேல் தேத்தண்ணிக் கோப்பைதான் வைத்திருந்தேன். தேடினேன். இருந்தது. பெட்டியின் உள்ளே ஒரு வரிக்கு நூற்றிருபத்தெட்டு எழுத்து இடமுண்டு. கண்ணாடி அதன் மேல் ஒரு ஜன்னல் மாத்திரம். இந்த விசையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்புக்குறியை அழுத்தினால் ஜன்னல் பக்கவாட்டில் நகரும். அழுத்தினேன். பச்சை எழுத்தெல்லாம் பஸ் போல இடது பக்கம் ஊர்ந்தது. வலது ஓரத்திலிருந்து ஏழாவது நிரல் வந்தது. எட்டு நாளைக்குப் பூச்சியம். ஒன்பதாம் நாள், பத்தாம் நாள்: முழுத் தண்ணீர். ஒவ்வொரு சுற்றிலும். தொடக்கத்திலிருந்தே.

இங்கிலீசு வாசிக்கத் தெரியாத ஆதம்பாவா காக்கா என் முகத்தை வாசித்தார்.

“அதுதானா எங்கட தண்ணி?”

“ஓம் காக்கா.”

“இண்டைக்கும் நாளைக்குமா?”

“ஓம்.”

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “மறுகா என்ன, தம்பி? தொறங்க,” என்றார்.

மதகுப் பூட்டின் திறப்பு என் காற்சட்டைப் பையில் இருந்தது. எப்போதும் என்னிடம்தான் இருக்கும். ஆனால் நான் அரசாங்க ஊழியன். பொறியியலாளர் வரும்வரை காத்திருந்தேன். வந்தார். பேனா, கோப்பு, கண்ணாடி. சொன்னேன்.

“அப்போ மெசின் பிழை விட்டிருக்கு,” என்றார்.

“இல்ல சேர். மெசின் சரி. நான் பாதியத்தான் பார்த்தன்.”

“டீ.ஏ., அறிவித்தல்ல கையெழுத்து யாருடையது?”

“உங்கட, சேர்.”

“நான் பாதி பார்த்துக் கையெழுத்து வைக்கிற ஆள் இல்லை. ஆகவே மெசின் பிழை.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “கொழும்பில் போட்ட கணக்கு. திருத்தம் அங்கிருந்துதான் வரணும். கடிதம் அடிப்போம்.”

“பயிர் குடலையில நிற்குது சேர். தண்ணி இண்டைக்குத்தான்.”

“பார்ப்போம்.”

கொழும்புக்குக் கடிதம் போக மூன்று நாள். தொலைபேசி அவர் மேசையில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் எடுக்கவில்லை. எடுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். நான் அந்தக் கடிதத்தை டைப் அடித்தேன், திறப்புப் பைக்குள் தொடையில் உறுத்திக்கொண்டிருக்க. ‘கணினிக் கோளாறு காரணமாக’ என்ற சொற்களை என் பத்து விரலாலும் அடித்தேன். ஒன்பதாம் நாள் போயிற்று. பத்தாம் நாள் மதியம் போயிற்று. காக்கா வெளியே விறாந்தையில் குந்தியிருந்தார். உள்ளே வரவில்லை. நாலரைக்கு அலுவலகம் மூடியதும் நான் சைக்கிளில் போய் மதகைத் திறந்தேன். இதை வீரம் என்று யாராவது மலரில் போட்டால் வழக்குத் தொடுப்பேன். ஒன்றரை நாள் பிந்திய வீரம் அது.

தண்ணீர் கடைக்கோடிக்குப் போய்ச்சேர நேரம் எடுக்கும். மறுநாள் விடிந்தால் முதற்கண்டத்தின் முறை. அந்தக் கண்டத்து வட்டவிதானையிடம் காக்கா ஒரு வார்த்தை சொன்னார். அவர் மதியம்வரை தன் தண்ணீரை விட்டுத்தந்தார். பச்சை மையும் கேட்கவில்லை, கொழும்பையும் கேட்கவில்லை. ஏழாவது கண்டத்தின் மேற்பாதி பிழைத்தது. கீழ்ப்பாதி பார்க்க அழகாகக் கதிர் விட்டது. அறுவடையில் எல்லாம் பதர்.

பிறகு விசாரணை ஒன்றும் நடந்தது. முடிவு ஒருமனதாக: கணினி பழுது. பொறியியலாளருக்குத் தண்டனை இல்லை. சில வருடத்தில் பதவி உயர்வோடு மாலை போட்டு அனுப்பினோம், மாலையை நான்தான் கல்முனை பசாரில் வாங்கினேன். எனக்கும் தண்டனை இல்லை. உண்மையைச் சரியாகச் சொன்ன ஒரே ஆளான பெட்டிக்குத்தான் தண்டனை. ‘பழுது’ என்று ஒரு கடதாசி ஒட்டிக் களஞ்சியத்தில் போட்டார்கள். அதன் மீது சிமெந்துப் பைகளை அடுக்கினார்கள். அந்தக் கடதாசியின் நிழலில் நான் முப்பது வருடம் சுகமாக வேலை பார்த்து, ஒரு கடிகாரமும் வாங்கிக்கொண்டு ஓய்வுபெற்றேன்.

இப்போது கடதாசியைக் கிழித்துவிட்டு வெல்வெட் விரித்திருக்கிறார்கள். தம்பிமாரே, இரண்டு அட்டையும் பொய். அந்தப் பெட்டி பழுதாகவும் இல்லை, எதையும் நவீனப்படுத்தவும் இல்லை. ஏழு கண்டத்துக்கும் நியாயமாகப் பிரித்துத் தந்தது. நாங்கள் ஆறைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தோம். அட்டை வேண்டுமென்றால் அப்படி எழுதுங்கள். அந்தப் பொறியியலாளரின் பெயரை எடுக்க மனமில்லாவிட்டால் பக்கத்தில் என் பெயரையும் போடுங்கள். இப்போது உங்கள் கையில் இருக்கும் தட்டையான புதுக் கருவிகளின் கண்ணாடி பெரிதுதான். அதற்கும் ஓர் ஓரம் இருக்கிறது.

மதகு திறந்த மறுநாள் காலை, தண்ணீரோடு கூடவே வாய்க்கால் கரையால் நடந்து ஏழாவது கண்டத்துக்குப் போனேன். ஆதம்பாவா காக்கா மண்வெட்டியோடு வரம்பில் தண்ணீருக்கு வாய் வெட்டிக்கொண்டிருந்தார். இரவெல்லாம் மனதில் எழுதி வைத்திருந்த பேச்சை அவர் முன்னால் நின்று ஒப்புவித்தேன். பிழை பெட்டியில் இல்லை, என்னில்தான். கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் உங்களை விளங்காதவர் என்று சொன்னதற்கு அத்தனை பேர் முன்னாலும் மன்னிப்புக் கேட்பேன். அல்லாவுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். நல்ல பேச்சு.

அவர் முழுவதையும் கேட்டார். மண்வெட்டியை ஊன்றினார். என் காலைப் பார்த்தார்.

“அதெல்லாம் சரி, தம்பி. வரம்பால எறங்கி நில்லுங்க. அந்தச் சப்பாத்து மூக்கால வரம்பு வெட்டுப்பட்டு, வாற தண்ணியும் ஒழுகுது.”